சித்தம் அறிந்த குடும்பம்

எங்கள் வீட்டில் யாரும் எந்த முடிவும் எடுத்ததில்லை. தாத்தா பனைவிளையை விற்றது, அப்பா நாசரேத்துப் பள்ளிக்கு மாற்றல் வாங்கியது, பெரியப்பா வேலித் தகராறில் கோர்ட்டுக்குப் போனது, எல்லாமே தேவ சித்தம். கோர்ட்டில் தோற்றது மட்டும் சாத்தானின் தடை. ரேடியோ வாங்குவதற்குக்கூடச் சித்தம் கேட்கப்பட்டது. இலங்கை வானொலியில் வரும் கிறிஸ்தவ நிகழ்ச்சிக்காகத்தான் என்று ஜெபத்தில் தெளிவாகச் சொல்லி, உத்தரவு கிடைத்த பிறகு தூத்துக்குடிக்குப் போய் வாங்கி வந்தார்கள். நிகழ்ச்சி கால்மணி நேரம். மிச்ச நேரம் பொங்கும் பூம்புனல். அதற்குத் தனியாகச் சித்தம் கேட்க வேண்டியதில்லை என்பது அப்பாவின் இறையியல்.

தேரிக்காட்டு ஓரத்து ஊர் எங்களுடையது. வானம் தெளிவாக இருந்தால் மெஞ்ஞானபுரத்துக் கோயில் கோபுரம் தெரியும், 192 அடி. அந்தக் கோபுரம் தெரிகிற தூரம் மட்டும் எல்லாக் கடிதங்களும் ஒரே மாதிரி முடியும். ஆண்டவருக்குச் சித்தமானால் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வருகிறேன் என்று எழுதியவர் திங்கள்கிழமையே வந்து நிற்பார். கடிதம் புதன்கிழமை வரும்.

சித்தம் அறியும் கருவிகளில் தலையாயது ஆச்சியின் வாக்குத்தத்தப் பெட்டி. உள்ளே சிகரெட் கனத்துக்குச் சுருட்டிய காகிதச் சுருள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வசனம். ஆச்சி கண்ணை மூடி, ஸ்தோத்திரம் சொல்லி, ஒன்றை உருவுவாள். மாடு விலை படியுமா, மழைக்கு முன்னே ஓலை வேயலாமா என்பதற்கெல்லாம் அங்கேதான் பதில்.

அது எங்கள் ஊர்ச் சரக்கு என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இதன் கொள்ளுத்தாத்தா ஜெர்மனியில் இருக்கிறார். 1718ல் பொகாட்ஸ்கி என்ற பிரபு, நாளுக்கொரு வசனமாகத் தொகுத்து ‘தேவபிள்ளைகளின் பொன் கருவூலப் பெட்டி’ என்ற பொருளில் ஒரு புத்தகம் போட்டார். ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் ஊறியவர். 1706ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் அதே ஹாலேயில் படித்தவர்தான். இன்னொரு பக்கம் ஹெர்ன்ஹூட் கிராமத்து மொரேவியச் சபையார் 1728ல் தினம் ஒரு வசனத்தை வீடுவீடாகச் சொல்லியனுப்பத் தொடங்கினார்கள். 1731 முதல் அது ஆண்டுதோறும் அச்சாகிறது. இன்றும் ஹெர்ன்ஹூட்டில் அந்தப் பழைய ஏற்பாட்டு வசனங்களைச் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள்.

ஆச்சியின் பெட்டியில் ஒரு விசேஷம் உண்டு. எத்தனை தடவை உருவினாலும் கெட்ட செய்தி வராது. உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று ஒரு சுருள் வந்ததாக எங்கள் குடும்ப வரலாற்றில் பதிவு இல்லை. சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டுப் பிறகு காணிக்கை கொண்டுவா என்ற வசனம் வந்திருந்தால் பெரியப்பாவின் வேலி வழக்கு நடந்திருக்காது. அச்சுப்போட்டவர் யாரோ முன்யோசனையுள்ள மனிதர்.

அதிகம் கிடைத்தது எரேமியா 29:11. உங்களுக்குத் தீமை அல்ல, நல்ல எதிர்காலமே என் எண்ணத்தில் இருக்கிறது என்ற கருத்துள்ள வசனம். இப்போது காலண்டர், காபிக் கோப்பை, கார்க் கண்ணாடி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அதற்கு முந்தின வசனம் எந்தக் கோப்பையிலும் இல்லை. எழுபது வருஷம் பாபிலோனில் கிடக்க வேண்டும், அதன் பிறகே விடுதலை என்று சொல்வது அது. சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அந்த அதிகாரம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், உங்களைப் பிடித்து வைத்திருக்கும் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். கடிதத்தைக் கையில் வாங்கிப் படித்த பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்று இன்னொரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவர். ஜனங்களுக்கு யாரைப் பிடித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் பொய் சொன்னார் என்று எரேமியா முகத்துக்கு நேரே சொன்னார். எங்கள் பெட்டியில் எரேமியாவின் பெயர் போட்டு வந்த சுருளை நாங்கள் அனனியாவின் குரலில் வாசித்துக்கொண்டிருந்தோம்.

பெட்டிக்கு அடங்காத காரியம் வந்தால் சீட்டு. 1968ல் அத்தைக்கு ஒரே மாதத்தில் இரண்டு வரன் வந்தது. ஒருவர் தூத்துக்குடியில் மில் கிளார்க். இன்னொருவர் இந்திய மிஷனெரி சங்கத்தில் பெயர் கொடுத்து, தெலுங்கு தேசத்துக்குப் புறப்பட இருந்த வாத்தியார். ஆச்சி உபவாசம் இருந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் சேகரத்துக் குருவானவர், எங்கள் பேச்சில் ஐயர், வந்து ஜெபித்தார். இரண்டு பெயரையும் எழுதி மடித்து வெண்கலச் சொம்பில் போட்டார்கள். எடுப்பதற்குக் கள்ளமில்லாத கை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு ஆறு வயது. அந்த வயதில் அப்படி ஒரு நற்பெயர் இருந்தது.

மிஷனெரி வந்தார்.

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. தாத்தா தொண்டையைச் செருமினார். “கிதியோனே ரெண்டு தடவ கேட்டாம்லா,” என்றார். வாஸ்தவம்தான். நியாயாதிபதிகள் ஆறாம் அதிகாரத்தில் முதல் இரவு ஆட்டுத்தோல் நனைந்து தரை காய்ந்திருக்க வேண்டும் என்று கேட்டான்; மறுநாள் தோல் காய்ந்து தரை நனைந்திருக்க வேண்டும் என்று கேட்டான். ஐயரும் தலையாட்டினார். இரண்டாவது சீட்டைத் தாத்தாவே மடித்தார். கிளார்க். இப்போது ஒன்றுக்கு ஒன்று என்று ஆகிவிட்டதால் மூன்றாவது தேவைப்பட்டது. மறுபடியும் கிளார்க். ஐயர் உட்பட அனைவரும் உரத்த குரலில் ஸ்தோத்திரம் சொன்னார்கள். கிளார்க்கின் சீட்டு சற்றுத் தடிப்பாக இருந்ததாக எனக்கு ஒரு ஞாபகம். இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஞாபகத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது.

தாத்தாவைக் குறை சொல்லவில்லை. மொரேவியர்கள் எங்களைவிடக் கண்டிப்பானவர்கள். அவர்களிடம் கல்யாணத்துக்கே சீட்டு இருந்தது. சீட்டு மறுத்தால் அந்தக் கல்யாணம் இல்லை. 1818ல் கூடிய பேரவைக்குப் பிறகுதான் சாதாரணச் சபையாருக்கு அந்தக் கட்டாயம் தளர்ந்தது. அவர்கள் கிடைத்த பதிலோடு வாழ்ந்தார்கள். பலருக்கு அது கொடுமையாகவும் இருந்திருக்கும். ஆனால் கேட்ட கேள்விக்கு வேண்டாத பதிலும் வரலாம் என்ற அபாயத்தை அவர்கள் ஒளித்து வைக்கவில்லை. எங்கள் வீட்டுச் சொம்பில் அந்த அபாயம் மூன்று சுற்றில் நீங்கிவிட்டது.

சித்தம் கேட்கப்படாத காரியங்களும் இருந்தன. மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். தடை சொல்ல யாருக்காவது நியாயம் இருந்தால் சொல்லலாம் என்று ஐயர் கேட்பார். அந்த ஓலைகளில் தலைமுறை தலைமுறையாக ஒரு அற்புதத்தைப் பார்க்கலாம்: கர்த்தர் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குக்கூட வேற்றுச் சாதியில் பெண்ணையோ மாப்பிள்ளையையோ காட்டியதில்லை. எஜமான் மகனுக்குப் பெண் தேடிப் போன எலியேசர் துரவண்டையில் நின்று அடையாளம் கேட்டு ரெபெக்காளைக் கண்ட கதையைக் கல்யாணப் பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு வளர்ந்தோம். எங்கள் துரவுகளுக்கு வேறு தெருப் பெண்கள் வருவதே இல்லை. சீதனம் எவ்வளவு என்பதற்கும் உபவாசம் கிடையாது; அது மாமன் மச்சான்கள் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்து முடிக்கிற லௌகீகம். விளையை விற்கத் தாத்தா ஒரு மாதம் ஜெபித்தார். அந்த விளையில் ஏறிக்கொண்டிருந்த பனையேறிக்குக் கூலி பாக்கி இருந்தது. அதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று எவரும் முழங்காலில் நின்று பார்த்த நினைவில்லை. கூலியைப் பிடித்து வைக்கிறவர்களுக்கு யாக்கோபு நிருபத்தில் கொடுத்திருக்கிற சாட்டையடி வெகு தெளிவாக இருக்கிறது. தெளிவாக எழுதியிருப்பதைப் போய் மறுபடி கேட்பானேன் என்று விட்டிருப்பார்கள்.

இத்தனைக்கும் கீழ்ப்படிந்த மனிதர்கள் எங்களுக்குத் தூரத்தில் இல்லை. பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்தவர் அசரியா. 1902ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் வெளியிடத்துக்கு ஊழியர் அனுப்புவதைப் பார்த்தார். மறுவருஷம் பாளையங்கோட்டையில் நண்பர்களோடு சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். போங்கள் போங்கள் என்று இளைஞர்களைத் தூண்டிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் தானே போக வேண்டியவன் என்று கண்டு, கையிலிருந்த பெரிய உத்தியோகத்தை விட்டு 1909ல் டோர்னக்கலுக்கு மூட்டை கட்டினார். 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். எங்கள் பிரசங்கங்களில் பேராயர் ஆன பாகம் அடிக்கடி வரும். மூட்டை கட்டிய பாகம் சுருக்கமாக வரும்.

அந்தச் சங்கத்துக்காக எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு சின்னப் பானை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி அதில். மாதக் கடைசியில் கோயிலில் ஏலம். அறுப்புக்கு ஆள் அனுப்பும் என்று எல்லாத் தாய்மாரும் கண்ணீரோடு ஜெபிப்பார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையை மனதில் வைத்து. என் சித்தி மகன் ஒருவன் விடுமுறை வேதாகமப் பள்ளியில் அழைப்புக்குக் கை தூக்கிவிட்டு வந்தான். சித்தி அன்று இரவு முழுக்க ஜெபித்தாள். விடியும்போது, முதலில் பேங்க் பரீட்சை, பிறகு ஊழியம் என்று கர்த்தர் வரிசையைத் திருத்திக் கொடுத்திருந்தார். மேனேஜராக ரிட்டயர் ஆனான். நல்லவன், தசமபாகம் தவறாமல் கொடுக்கிறான்.

சீட்டில் தோற்ற மிஷனெரி தெலுங்கு தேசத்துக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டார். அவருடைய கடிதங்களை ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளோடு வாசிப்பார்கள். அத்தை கல்யாணமாகித் தூத்துக்குடி போன பிறகும் பிடி அரிசிப் பானையை விடவில்லை. மாமாவுக்கு அதில் லேசாக முகம் சுளிப்பு உண்டு. வாய்விட்டுச் சொன்னதில்லை, சொன்னால் தன் சீட்டு எப்படி வந்தது என்ற பேச்சும் கிளம்பும்.

இப்போது காலம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. பெட்டியிலிருந்து சுருள் உருவ வேண்டிய அவசியமில்லை. விடியுமுன்னே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சூரிய உதயம், புறா, அருவி என்று படத்தோடு வசனங்கள் வந்து விழுகின்றன. முன்பு டிசம்பர் 31 நடுராத்திரி ஆராதனையில் ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை. கிடைத்த அட்டையோடு வருஷம் முழுக்க ஓட்ட வேண்டும். “காத்திரு” என்ற பொருளில் ஒரு வசனம் வந்து, அதைப் பார்த்து வருஷமெல்லாம் முறைத்துக்கொண்டே இருந்த பெரியப்பாவை எனக்குத் தெரியும். இப்போது சபை ஒன்று தரும், டி.வி. ஊழியம் ஒன்று தரும், யூடியூப் போதகர்கள் ஆளுக்கொன்று தருவார்கள். ஜனவரி முதல் தேதி மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் படித்துப் பார்த்து, நமக்குத் தோதானதை ஸ்டேட்டஸில் வைத்துக்கொள்ளலாம். காத்திருக்கச் சொல்கிற வசனம் அந்தத் தேர்வில் முதல் சுற்றிலேயே போய்விடும்.

தீர்க்கதரிசிகளும் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டார்கள். இந்த வீடியோ உன் கண்ணில் பட்டது தற்செயல் அல்ல என்றார் ஒருவர், என் அண்ணன் மகனின் போனில். அது சத்தியம். முந்தின நாள் இரவு அவன் கனடா விசாவைப் பற்றித் தேடியிருந்தான்.

வரன் பார்ப்பதும் எளிதாகிவிட்டது. மேட்ரிமோனி தளத்தில் சபைப் பிரிவு, சாதி, உயரம், சம்பளம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. கட்டங்களை நிரப்பிவிட்டுச் சித்தத்துக்குக் காத்திருக்கலாம். எலியேசருக்கு ஒட்டகத்துக்கும் தண்ணீர் வார்க்கிற மனசுதான் அடையாளமாக இருந்தது. அதற்குக் கட்டம் இல்லை.

சபைத் தேர்தலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேவ சித்தத்தால் போட்டியிடுகிறோம் என்று இரண்டு அணியும் ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். தோற்ற சித்தம் ஜெயித்த சித்தத்தின் மேல் வழக்குப் போடுகிறது. யூதாசின் இடத்துக்கு ஆள் எடுக்க அப்போஸ்தலர்கள் இரண்டு பேரை நிறுத்தி, ஜெபித்து, சீட்டுப் போட்டு மத்தியாவை எடுத்தார்கள். எகிப்தின் காப்டிக் சபையில் இன்றும் அப்படித்தான். 2012 நவம்பர் 4ஆம் தேதி கெய்ரோவில் கண்ணைக் கட்டிய ஒரு சிறுவன் மூன்று பெயர்களில் ஒன்றை எடுத்தான், இரண்டாம் தவாத்ரோஸ் அவர்களின் தலைவரானார். நம் தேர்தலுக்கும் இதை வைத்தால் என்ன என்று ஒரு கமிட்டி உறுப்பினரிடம் கேட்டேன். “அது ஆவியானவர் இறங்குறதுக்கு முந்தின காலம் அண்ணாச்சி,” என்றார். இறங்கின பிறகு எதை வைத்து முடிவு செய்கிறோம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் இந்தக் காலத்தின் பெரிய கருவி இதெல்லாம் அல்ல. உள்ளத்தில் சமாதானம். வீடு வாங்குவதா, வேலையை விடுவதா, சபை மாறுவதா, எதைக் கேட்டாலும் வாலிபர் கூட்டத்தில் ஒரே பதில்தான்: “ஜெபிச்சீங்களா? உள்ள சமாதானம் இருக்கா? அப்போ அது தேவ சித்தம்.” பெட்டியும் வேண்டாம், சொம்பும் வேண்டாம், ஐயரும் வேண்டாம். கேட்பவரும் நாம், பதில் சொல்பவரும் நாம். மூன்று சுற்று என்கிற தொல்லைகூட இல்லை.

இந்தக் கருவியை வேதத்தின்மேல் வைத்துப் பார்த்தால் சங்கடம். நினிவேக்குப் போ என்ற உத்தரவை உதறிவிட்டுத் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினான் யோனா. கப்பலும் ஆயத்தமாக நின்றது, கையில் கட்டணமும் இருந்தது. இன்றைக்கு என்றால் வாசல் திறந்தது என்று சாட்சி சொல்லியிருப்பான். புயலில் மாலுமிகள் அலறிக்கொண்டிருக்க அவன் கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்கினான். அத்தனை சமாதானம். கெத்செமனேயிலோ, பிதாவின் சித்தத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தவருக்கு வேர்வை இரத்தத் துளிகளைப்போல விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். சமாதானம்தான் அளவுகோல் என்றால், யோனா பாஸ்.

டோனாவூர் எங்களுக்குப் பஸ் தூரம். அங்கே மிஷனெரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரைத் தூரத்தில் நின்று பார்த்ததாக ஆச்சி சொல்வாள். 1895ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951ல் இங்கேயே இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. சிறுமியாக இருந்தபோது கண் நீல நிறமாக வேண்டும் என்று ஜெபித்துப் படுத்து, காலையில் எழுந்து கண்ணாடியில் பழுப்புக் கண்ணையே பார்த்தவர். 1931 அக்டோபரில் ஒரு காலை, உமக்கு இன்னும் நன்றாகப் பணிசெய்ய என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும் என்ற கருத்தில் ஜெபித்தார். அன்று சாயங்காலம் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் ஒரே அறையில், படுக்கையில். புத்தகங்களை அங்கிருந்தே எழுதினார். இந்தக் கதையை எந்த வாக்குத்தத்த அட்டையில் அச்சிட்டு விற்பது?

அத்தைக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. கிளார்க் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய அம்மா சீதனம் குறைந்ததென்று அத்தையை ஆரம்பத்தில் என்ன பாடு படுத்தினாள் என்பது ஊரறிந்தது. அதே அம்மா வாதம் வந்து பல வருஷம் படுக்கையில் கிடந்தபோது பார்த்துக்கொண்டது அத்தை. “அது தேவ சித்தமான்னு கேட்டுப் பாத்தியளா அத்தை?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மூத்திரத் துணி மாத்தணுமான்னு கர்த்தர்ட்ட என்னத்தல கேக்க? நாத்தம் அடிச்சா மாத்தணும்.”

மிஷனெரியைப் பற்றியும் கேட்டேன். “எனக்கு அவுக மூஞ்சியும் தெரியாது, இவுக மூஞ்சியும் தெரியாது. யாரு வந்தாலும் காலையில எந்திச்சு உலை வைக்கணும்லா.” கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா மொத சீட்டு மொத சீட்டுதாம்ல. எடுத்தது உன் கைதான?” என்று சிரித்தாள்.

போன மாதம் அண்ணன் மகன் குடும்பத்தையெல்லாம் வீடியோ காலில் கூட்டினான். கனடா காரியமாகத் தேவ சித்தம் அறிய எல்லாரும் ஒருமனமாக ஜெபிக்க வேண்டுமாம். சின்னச் சின்னக் கட்டத்தில் பதினைந்து முகம். அண்ணன் பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறார், பார்க்கின்சன். அவருடைய கட்டம் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. மருமகள், உள்ளத்தில் பூரண சமாதானம் இருப்பதாகச் சாட்சி சொன்னாள். சித்தி மகன் எரேமியா 29:11 வாசித்தான்.

“அப்பாவ யாருல பாப்பா?” என்றாள் அத்தை.

“ஹோம் நர்ஸ் ஏற்பாடு பண்ணியாச்சு ஆச்சி. முழு நேரம்.”

“சரி. சித்தம்தான தெரியணும்? சீட்டுப் போட்டுருவமா? இங்க சொம்பு இருக்கு. எங்கப்பா மாதிரி மூணு தடவ கெடையாது. ஒரே தடவ.”

பதினைந்து கட்டத்திலும் யாரும் அசையவில்லை. கடைசியில் அவன்தான் பேசினான். “ஆச்சி, விசா ஃபீஸ் கட்டியாச்சு. வீட்டுக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சு.”

“அப்ப என்னத்துக்குல எங்கள ஜெபிக்கச் சொன்ன?”

“எல்லாரும் ஜெபிச்சா ஒரு சமாதானம் ஆச்சி.”

அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜெபித்தாள். போகிற வழியில் பாதுகாப்பு கேட்டாள், குளிருக்குப் பிள்ளைகளின் நெஞ்சைக் காக்கச் சொன்னாள். அப்பாவிடம் மாதம் ஒருமுறையாவது முகம் பார்த்துப் பேச அவனுக்கு மனசு தரச் சொன்னாள். ஹோம் நர்ஸ் பிள்ளைக்குச் சம்பளம் எவ்வளவு பேசியிருக்கிறான் என்று கர்த்தருக்குத் தெரியும் என்றாள், அதைக் கூட்டிக் கொடுக்கவும் தேதி தவறாமல் கொடுக்கவும் இவனுக்கு உதவி செய்யும் என்றாள். பிறகு ஆமென் சொன்னாள்.

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அவனுடைய ஆமென் வர மட்டும் கொஞ்சம் நேரமானது. நெட்வொர்க்காக இருக்கலாம்.